இருபது கிலோமீட்டர் பாறை எங்கே போனது?

2021 நவம்பர் 29 அதிகாலை நாலேகால் மணிவாக்கில் வேலூருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் நிலம் ஆடியது. ரிக்டர் அளவில் 3.6. அடுத்த மாதம் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று பிற்பகலில், மறுபடியும் 3.5. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களில் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பாத்திரங்கள் உருண்டன. சுவர்களில் விரிசல் விழுந்தது. வேலூர் மாவட்டத்தில் நிலநடுக்கமா என்று தமிழ்நாடே கேட்டது.

அதே டிசம்பரின் நான்காம் வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பெருமழையில் பொன்னையாறு கரைபுரண்டு ஓடி வடிந்த பிறகு, திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே அந்த ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தில் விரிசல் கண்டுபிடித்தார்கள். காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில்கள் பல ரத்தாயின. நிலநடுக்கத்தால் நிற்காத ரயில் போக்குவரத்து ஆற்றுத் தண்ணீரால் நின்றது.

நிலம் ஆடினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் காட்பாடியைச் சுற்றி நாம் பார்க்கிற குன்றுகளையும் பள்ளத்தாக்கையும் செம்மண் மேட்டையும் இந்த வடிவுக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்டால், நில அதிர்வும் எரிமலையும் செய்த வேலை மிகப் பழையது, பெரும்பாலும் முடிந்துபோனது. அதற்குப் பிறகான கோடிக்கணக்கான ஆண்டுகளின் வேலை முழுவதையும் மழையும் வெயிலும் வேரும் ஆறும் செய்தன. இன்றைக்கும் செய்துகொண்டிருக்கின்றன. இந்த ஊரின் நிலத்தை அறிய விரும்புகிறவர் அந்தச் சத்தமில்லாத வேலையைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அதிர்வை முடித்துவிடுவோம். இந்தியாவைச் சுமந்திருக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவோடு மோதிய இடத்தில் இமயமலை எழுந்தது. மோதல் இன்னும் ஓயவில்லை. வடக்கே கொடுக்கிற அழுத்தம் தட்டு முழுவதும் பரவி, கன்னியாகுமரி வரைக்கும் பாறையை நெருக்குகிறது. தீபகற்பத்தின் அடியில் பல நூறு கோடி ஆண்டுப் பழைய பிளவுகள் இருக்கின்றன. அவற்றில் எங்காவது ஒன்று நெருக்கம் தாங்காமல் கொஞ்சம் வழுக்கினால் மேலே வீடு ஆடும். தென்னிந்தியா அசையாத பழம்பாறை என்ற நம்பிக்கையை 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர் உடைத்தது. 6.2 அளவுள்ள அந்த நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதற்கும் முன்னால், 1900 பிப்ரவரி 8 அன்று, கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் வந்தது சென்னைவாசிகள் பலருக்கு நினைவிருக்கும். 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

ரிக்டர் அளவில் ஒரு படி கூடினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில், லாத்தூரில் வெளியான ஆற்றல் 2021 நவம்பரில் இங்கே வந்ததைப் போல ஏறக்குறைய 8,000 மடங்கு. அப்படியானால் இவ்வளவு சிறிய அதிர்வுக்கு ஏன் அவ்வளவு சத்தம் காதில் விழுந்தது? காரணம் இந்தப் பாறைதான். கெட்டியான, விரிசல் குறைந்த பழம்பாறை அதிர்வலையை அதிகம் விழுங்காமல் கடத்திவிடும். வேகமான அதிர்வுகள் தேயாமல் மேலே வந்து காற்றில் ஒலியாக மாறுகின்றன. கவசப் பகுதி என்று நிலவியலாளர்கள் சொல்லும் இத்தகைய இடங்களில் மக்கள் முதலில் நிலநடுக்கத்தைக் காதால்தான் உணர்கிறார்கள்.

மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அப்போது பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. கனமழைக்குப் பிறகு தண்ணீர் பாறைப் பிளவுகளில் இறங்குகிறது. துளைகளில் நீரழுத்தம் கூடுகிறது. இரண்டு பாறை முகங்களை இறுக்கிப் பிடித்திருக்கும் உராய்வு குறைகிறது. ஏற்கெனவே வழுக்கும் நிலையில் இருக்கும் பிளவுக்கு அதுவே போதும். பருவமழைக் காலங்களில் தீபகற்பத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் கூட்டமாக வருவதற்கு இப்படி விளக்கம் தருகிறார்கள். 2020 அக்டோபரில் ஹைதராபாத்தின் போரபண்டாவில் தொடர்ந்து வந்தவற்றுக்கும் இதையே சொன்னார்கள்.

எரிமலைக்கு வருவோம். கூம்பு வடிவில் தனியாக நிற்கும் குன்றைப் பார்த்தால், இது பழைய எரிமலை என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. காட்பாடியிலோ வேலூரிலோ எரிமலை வாய் எதுவும் இல்லை. இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில்தான் இருக்கிறது. நெடுங்காலம் அமைதியாக இருந்து 1991இல் மறுபடி கக்கத் தொடங்கியது அது. இந்தியத் தட்டு அந்தப் பக்கம் இன்னொரு தட்டுக்கடியில் அமிழ்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் அந்த அமிழ்வே காரணம்.

ஆனாலும் நெருப்பின் தடயம் நம் பக்கத்தில் இல்லாமல் போகவில்லை. காட்பாடியிலிருந்து பெங்களூரு ரயிலில் ஏறிப் பங்காருப்பேட்டையில் மாறினால் கோலார் தங்கவயல். அங்கே தங்கத்தைத் தாங்கியிருந்த கரும்பாறை, சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பரவியது. பின்னர் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிப்போனது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கித்தான் பிழைத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுரங்கச் சுவர் வெடித்துச் சிதறும். மேலே ஊரில் நிலநடுக்கம்போல் ஆடும். அந்த அதிர்வுகளைப் பதிவு செய்யவே அங்கே கருவிகள் வைத்திருந்தார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மனிதன் தோண்டியதால் நிலம் ஆடுவதை நம்மவர்கள் உடம்பால் அறிந்த இடம் அது.

இன்னும் கிட்டத்தில், திருப்பத்தூருக்குப் பக்கத்தில் சேவத்தூர். அங்கே கிடைக்கும் வெளிர்நிறப் பாறையைச் சுண்ணாம்புக்கல் என்று எண்ணிவிடுவோம். அமிலம் ஊற்றினால் சுண்ணாம்புக்கல் மாதிரியே நுரைக்கும். உண்மையில் அது கார்பனடைட். பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பாக எழுந்து இறுகியது. உலகத்தில் இந்த வகைக் குழம்பை இன்றைக்கும் கக்குகிற எரிமலை ஒன்று தான்சானியாவில் இருக்கிறது, ஓல் டோய்ன்யோ லெங்காய் என்று பெயர். ஏலகிரி மலையின் சையனைட் (syenite) பாறையும் சேவத்தூரின் கூட்டாளிதான். இரண்டும் சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வார விடுமுறைக்கு ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்கள், நிலத்துக்கடியில் தேங்கி ஆறிப்போன ஒரு பாறைக்குழம்புத் திரளின் மேல் ஏறுகிறார்கள்.

நிலத்துக்கடியில் ஆறிய பாறை எப்படி மலையாக மேலே வந்தது? கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

காட்பாடி, வேலூர் சுற்றுவட்டாரக் குன்றுகள் நைஸ், கிரானைட், சார்னோகைட் வகைப் பாறைகள். பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதவை. சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதை நம் ஊர்க் கதைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மேல் போட்ட கல் சென்னைப் பக்கம் பல்லாவரத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறைக்குள் இருக்கும் கனிமங்கள் எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் உருவாகும் என்பதை ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சார்னோகைட்டுகள் காட்டும் ஆழம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சில இடங்களில் இன்னும் அதிகம்.

ஒரு நாள் குன்றின் மேல் ஏறி நின்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கால் வைத்திருக்கும் பாறை ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதற்கு மேலிருந்தது அத்தனையும் போய்விட்டது. எந்த நிலநடுக்கமும் அதைத் தூக்கி எறியவில்லை. மழை கரைத்தது, ஆறு அள்ளிக்கொண்டு போனது.

இருபது கிலோமீட்டர் உயர மலை இங்கே நின்றதாக நினைத்துவிடக் கூடாது. அவ்வளவு உயரமான மலையைப் பூமி தாங்காது. பூமியின் மேலோடு, அதைவிட அடர்த்தியான அடிப்பாறையின் (மேன்டில்) மேல் மிதக்கிற நிலையில் இருக்கிறது. மேலே பாரம் குறைந்தால் அடிப்பகுதி எழும். அடர்த்திகளை வைத்துக் கணக்குப் போட்டால், 1,000 மீட்டர் பாறை அரித்துப் போனால் கீழிருந்து சுமார் 800 மீட்டர் எழுந்து வரும். நிலத்தின் உயரம் குறைவது 200 மீட்டர்தான். அரிப்பு ஓயாது, எழுச்சியும் ஓயாது. இப்படித்தான் ஆழத்துப் பாறை வெளிச்சத்துக்கு வந்தது.

அரிப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பச்சைத் தோல் டேனரிக்கு வந்தவுடன் மயிரை யாரும் பிடுங்குவதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். வேர் இளகிய பிறகுதான் வழிப்பார்கள். அப்போது மயிர் தானாகக் கையோடு வரும். பாறைக்கும் அப்படித்தான். இருந்த இடத்திலேயே பாறையை இளகவைக்கிற வேலைக்குச் சிதைவு என்று பெயர். இளகியதை வழித்து எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. முதலாவது நடக்காவிட்டால் இரண்டாவதுக்கு வேலை கிடையாது. எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் கெட்டிப் பாறையில் உடனே எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இளக்குவது யார்? பெரும்பாலும் தண்ணீர். மழைத்துளி காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடுவதை இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. மென்மையான அமிலமாகிவிட்ட அந்தத் தண்ணீர் பாறையின் விரிசலில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பார் என்கிற வெளிர்நிறக் கனிமத்தைத் தாக்குகிறது. அதிலிருக்கும் பொட்டாசியம், சோடியம், கால்சியத்தை உருவிக்கொள்கிறது. மிஞ்சுவது களிமண். நாம் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவிலும் மற்ற கருங்கனிமங்களிலும் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. செம்மண்ணின் சிவப்பு அந்தத் துருதான். உருவப்பட்ட கால்சியம் கொஞ்ச தூரம் போய் மறுபடி படிந்து சுக்கான் கல்லாகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மையிலும் அதற்குப் பங்குண்டு. பொட்டாசியம் நெல்லுக்கும் கடலைக்கும் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பற்களைக் கறையாக்கும் ஃபுளோரைடும் இப்படிப் பாறையிலிருந்து இறங்கி வந்ததே. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் தனியே நிற்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலை நடக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், காட்பாடிக் குன்றுகளின் அடிவாரத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் பள்ளத்தில் எட்டிப் பாருங்கள். மேலே ஓர் அடி, இரண்டடி செம்மண். அதற்குக் கீழே மொரம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பாறை மாதிரி தெரியும். பாறையின் கோடுகள்கூட அப்படியே இருக்கும். விரலால் தேய்த்தால் பொடிந்துவிடும். வெள்ளை மாவாக வருவது ஒருகாலத்தில் ஃபெல்ட்ஸ்பாராக இருந்தது. மினுக்குகிற செதில் காக்காப்பொன். விரலில் நறநறவென்று உறுத்துவது குவார்ட்ஸ். அந்த மொரம்புக்குள் அங்கங்கே உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். கடப்பாரையை அதன்மேல் போட்டால் நெருப்புப் பறக்கும், அவ்வளவு கெட்டி. சுற்றிலும் பொடி, நடுவில் இரும்பு மாதிரி ஒரு குண்டுக்கல். எப்படி?

பாறை குளிரும்போதும் பாரம் குறையும்போதும் குறுக்கும் நெடுக்குமாகப் பிளவுகள் விழுகின்றன. பாறை கட்டங்கட்டமாகப் பிரிகிறது. தண்ணீர் அந்தப் பிளவுகளில்தான் இறங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைகளுக்கு மூன்று பக்கத் தாக்குதல், விளிம்புகளுக்கு இரண்டு பக்கம், முகத்துக்கு ஒரு பக்கம். அதனால் மூலை முதலில் மழுங்கும். கட்டம் உருண்டையாகும். பிற்காலத்தில் மழை மேல்மண்ணையும் மொரம்பையும் வழித்துக்கொண்டு போனால் உருண்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். காட்பாடி, வேலூர்க் குன்றுகளின் உச்சியில் யாரோ அடுக்கி வைத்தாற்போல நிற்கும் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அடுக்கவில்லை. அவை நிலத்துக்கடியில் அந்த அடுக்கிலேயே உருண்டு, பிறகு வெளியே தெரியவந்தவை.

வெயிலுக்கும் பங்கு உண்டு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். காற்றே அப்படியென்றால் கரும்பாறையின் முகம் இன்னும் சுடும். மேற்பரப்பு விரிய, உள்ளே குளிர்ந்த பாறை விரியாமல் நிற்க, ஒரு படலம் பிரியத் தொடங்குகிறது. இதை நம் கல்வேலைக்காரர்கள் பழங்காலத்திலேயே தொழிலாக்கியிருந்தார்கள். பெங்களூருப் பக்கத்துக் கற்சுரங்கங்களில் பாறைமேல் விறகடுக்கி நெருப்பு மூட்டி, நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், அகலமான பலகைகளாகக் கல்லைப் பெயர்த்தெடுப்பார்கள். வெடிமருந்தும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பாறைக்கு உரியும் குணம் உண்டென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, எவ்வளவு வேகமாக இது நடக்கிறது? காட்பாடி வட்டத்திலேயே வள்ளிமலையில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அங்கே பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்களும் கங்க மன்னன் ராஜமல்லனின் கல்வெட்டும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்தைப் படிக்க முடிகிறது. உருவங்களைப் பார்த்து வணங்க முடிகிறது. உலகெங்கும் வெளியே தெரியும் மொட்டைப் பாறைகளில் அளந்து பார்த்ததில், பத்து லட்சம் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் தேய்கிறது என்று தெரியவந்திருக்கிறது. அந்த வேகத்தில் ஆயிரம் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர். வள்ளிமலைச் சிற்பங்கள் பிழைத்திருப்பதில் வியப்பில்லை. 20 கிலோமீட்டரை 250 கோடி ஆண்டால் வகுத்துப் பாருங்கள். பத்து லட்சம் ஆண்டுக்கு 8 மீட்டர். வேகம் எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை; மலை உயர்ந்த காலங்களில் கூடியிருக்கும். ஆனாலும் இந்த மெதுவான வேகமே அவ்வளவு பாறையையும் கொண்டுபோகப் போதுமானது.

மண் மூடிய சரிவுகளில் கதை வேறு. அங்கே ஆயிரமாண்டு வேலை ஒரே இரவில் கீழே வரும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரின் மேல் மலைச்சரிவு சரிந்து இறங்கியதில் 7 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே இறங்கியது என்னவென்று பார்த்தால் காட்பாடிக் கடைக்காலில் பார்த்த அதே மண்ணும் பாறைக் குண்டுகளும்தான். மண்ணும் மொரம்பும் நீரைக் குடித்துக் கனக்கும். உள்ளே நீரழுத்தம் ஏறிப் பிடிப்பு விடும். குண்டுகள் மண்ணோடு சேர்ந்து உருளும். நிலநடுக்கத்துக்குச் சொன்ன அதே நீரழுத்தம் இங்கே சில அடி ஆழத்திலேயே வேலை செய்கிறது. அடிவாரத்தை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டும்போது, சரிவுக்கு அடியில் இருந்த தாங்கலையே எடுத்துவிடுகிறோம். வேலூரிலும் காட்பாடியிலும் குன்றின் அடிவாரங்களில் வீடுகள் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு நிலநடுக்கத்தைவிட இதுதான் கவலையாக இருக்கிறது.

இனி குவார்ட்ஸ். களிமண் மிதந்து கடலுக்குப் போய்விடும். உப்புகள் கரைந்து போய்விடும். கரையாத, எளிதில் தேயாத குவார்ட்ஸ் மணிகள் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து பொன்னையாறு, பாலாறு என்று சேர்கின்றன. பாலாற்று மணலை ஒரு பிடி அள்ளி உருப்பெருக்கியில் பார்த்தால், பெரும்பாலான மணிகள் கண்ணாடிபோல் தெரியும். இடையிடையே இன்னும் மாவாகாத இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாகச் சில மணிகள், ஒன்றிரண்டு காக்காப்பொன் செதில். மூலைகள் முழுக்க மழுங்கியிருக்காது. அதிக தூரம் வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேருகிறது. நம் மாநிலத்தில் மட்டும் 222 கிலோமீட்டர். எப்போதுமே அந்த வழியில் போகவில்லை. முற்காலத்தில் அது வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றின் பக்கமாகச் சென்னைக்கருகே கடலில் விழுந்தது. அந்தப் பழைய தடங்கள் மணல் பட்டைகளாக நிலத்துக்கடியில் புதைந்து கிடக்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஆறு, மணலை நகர்த்துவது சில ஆண்டுகளின் சில நாட்களில்தான். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் ஏராளமான உயிர்களை வாங்கியது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை வேலூர்–காட்பாடிப் பாலத்தில் நின்று பார்க்காதவர்கள் குறைவு. தண்ணீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிச் செல்லும் கல்லின் அளவு பல மடங்கு பெருகும். பாலத்தூண்களைச் சுற்றிச் சுழல் உண்டாகி அடியிலிருக்கும் மணலைத் தோண்டும். மேலே தண்ணீர் வடிந்து அமைதியாகத் தெரியும்போது கீழே குழி இருக்கும்.

மணல் தங்கியிருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும். இந்தக் கடும்பாறை நாட்டில் நிலத்தடி நீர் நிற்கும் இடங்கள் இரண்டே: சிதைந்த மொரம்பும், ஆற்று மணலும். அதற்குக் கீழே பாறைப் பிளவுகளில் இருப்பது கொஞ்சம்தான். ஆயிரம் அடி போர் போட்டும் தூசி வருவது அதனால்தான். பாலாறு வறண்டு தெரிந்த காலத்திலும் மணலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. வட ஆர்க்காட்டு விவசாயிகள் ஆற்றின் நடுவில் ஊற்றுக்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்பினார்கள். அந்த மணலுக்குள்தான் பிற்பாடு டேனரிக் கழிவின் உப்பும் குரோமியமும் இறங்கின. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான வழக்கு அது. மணல் அழுக்கை வடிகட்டும். கரைந்த உப்பை வடிகட்டாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மொட்டைப் பாறைக் குன்று பத்து லட்சம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இது 10 கன மீட்டர் பாறை. அதில் மூன்றில் ஒரு பங்கு குவார்ட்ஸ் என்றால் சுமார் 3 கன மீட்டர் மணல். லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி. ஒரு சதுர கிலோமீட்டர் குன்று ஓராண்டு முழுக்க வெயிலிலும் மழையிலும் நின்று தருவது ஒரே ஒரு யூனிட் மணல். மண் மூடிய சரிவு இதைவிடக் கூடுதலாகத் தரும். பத்து மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் சில லாரிகளுக்கு மேல் தேறாது. ஒரு பொக்லைன் அதை அள்ள எத்தனை நிமிடம் ஆகும் என்று ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்திருக்கிறது. நல்லதுதான், ஆற்றுக்கு ஓய்வு. ஆனால் அதுவும் குன்றை உடைத்து அரைத்ததுதான். உலகக் கணக்கில் ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோவதைவிட மனிதர்கள் தோண்டி நகர்த்தும் மண்ணும் பாறையும் அதிகமாகிவிட்டன. நிலத்தின் முகத்தை மாற்றும் சக்திகளின் பட்டியலில் நிலநடுக்கம், எரிமலை, சிதைவு, அரிப்பு என்று நான்கைப் பள்ளியில் படிக்கிறோம். ஐந்தாவதாக நம்மையும் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய காலம் இது.

குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. செங்கல் சுவர் வீடென்றால் ஜன்னல் மட்டத்துக்கு மேலே நான்கு சுவரையும் சுற்றி வருகிற மாதிரி கம்பி வைத்த கான்கிரீட் பட்டையைக் கட்டாயம் போடுங்கள், 3.6க்குத் தேவைப்படாவிட்டாலும் ஒருநாள் 5.5 வந்தால் சுவர் பிரியாமல் பிடித்திருக்கும். குன்றின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி மனை போட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் பாலங்களுக்கு அக்கம்பக்கத்தில் இரவில் மணல் அள்ளும் வண்டியைப் பார்த்தால் தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். போன மணலை நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் அந்தக் குன்றுகளால் திருப்பித் தர முடியாது.